பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க, காகிதம் பின்னாடி வரட்டும்

மே மாதக் கடைசியில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் வாசலில் ஒரு பேனர் கட்டப்படும். ‘மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது’ என்று பெரிய எழுத்து. கீழே விலையில்லாப் பாடநூல், சீருடை, புத்தகப்பை, காலணி, காலை உணவு, மதிய உணவு என்று வரிசை. நல்ல பேனர்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிற பெற்றோர் குறைவு. பக்கத்து வீட்டு அக்கா என்ன சொன்னார் என்பதை வைத்துத்தான் வருகிறார்கள், அல்லது வராமல் போகிறார்கள். ‘அந்த டீச்சர் நல்லா பேசுவாங்க, போய்ப் பாரு’ என்று ஒரு தெருவில் பேச்சு இருந்தால் அந்தத் தெருவே வரும். ‘அங்க போனா அந்தச் சர்டிபிகேட், இந்தச் சர்டிபிகேட்னு அலைய விடுவாங்க’ என்று பேச்சு இருந்தால் எவ்வளவு பெரிய பேனரும் உதவாது.

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளையை முதல்முறையாகப் பள்ளிக்குக் கூட்டி வரும் குடும்பம் எதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும், வரவேற்கிற பக்கம் இருக்கும் ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊர்க்காரர்களும் எதைச் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். ஒரு குடும்பத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பியவன் நான். அந்தக் கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் சரியாக இருக்காது.

திருப்பி அனுப்பிய ஒரு காலை

2013 ஜூன் மாதம். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக அறை வாசலில் நின்றார். இடுப்பில் இன்னொரு குழந்தை. நான் பதிவேட்டில் எதையோ எழுதிக்கொண்டே கேட்டேன்.

“பிறப்புச் சான்றிதழ் இருக்காம்மா?”

“இல்லீங்க சார், வீட்லயே பொறந்தது.”

“ரேஷன் கார்டு?”

“ஊர்ல மாமியார்கிட்ட இருக்குங்க.”

“சரி, ரெண்டையும் எடுத்துட்டு வாங்க, சேத்துக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன். அவரும் “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு நாளில் வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. சொந்த ஊருக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி. முன்பணம் வாங்கிய சூளையில் லீவு கேட்பதும் லேசில்லை. இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் அந்த வருஷம் முழுக்க இடுப்புக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு சூளையில் இருந்தாள்.

அடுத்த ஆண்டு பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் அவளைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். அப்போது ஏழு வயது. நான் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தேன். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு தலை உயரமாக உட்கார்ந்திருந்தாள். அது நான் செய்த இரண்டாவது தப்பு. இரண்டு தப்புமே நடக்கக் கூடாது என்று எழுதி வைத்த சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதன் நகல் என் பீரோவிலேயே இருந்தது.

எந்தக் காகிதம் இல்லாவிட்டாலும்

கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 14-ஆவது பிரிவு, வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்கிறது. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் மருத்துவமனை அல்லது கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு இவற்றில் உள்ள தேதியை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் வயது இதுதான் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. நான் திருப்பி அனுப்பிய அம்மாவிடம் அன்றே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

ஆதார் பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இருந்தால் கொடுங்கள், பின்னால் வரும் வேலைகள் சுலபமாகும். இல்லையென்றால் அதை எடுக்கும்வரை பிள்ளை வீட்டில் இருக்க வேண்டியதில்லை. படிக்கும் பள்ளிக்கே ஆதார் பதிவுக் கருவியைக் கொண்டுவரும் ஏற்பாடும் தமிழ்நாட்டில் 2024-இல் தொடங்கியது. அதாவது சேர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக்கு முன்பே ஆதார் எடுத்திருந்தால் அதில் கைரேகையும் கருவிழிப் பதிவும் இருக்காது. ஐந்து முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் செய்தால் அதற்குக் கட்டணம் கிடையாது.

சாதிச் சான்றிதழும் சேர்க்கைக்கு நிபந்தனை இல்லை. பின்னால் உதவித்தொகைக்கு வேண்டும் என்பதால், சேர்த்த பிறகு நிதானமாக இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மையத்தில் ஒட்டியிருக்கும் கட்டணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், ரசீது வாங்குங்கள். சாதி, மதம் குறிப்பிட விரும்பாத பெற்றோர் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். இதற்கு 1973-லேயே அரசாணை உண்டு, 2000-இல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. ஆனால் இட ஒதுக்கீட்டுப் பலன் வேண்டுமென்றால் சான்றிதழ் தேவைப்படும் என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது மாற்றுச் சான்றிதழ், எல்லோரும் சொல்கிற டி.சி. தனியார் பள்ளியில் கட்டணம் பாக்கி, அதனால் டி.சி. தரவில்லை, அதனால் பிள்ளை வீட்டில் இருக்கிறான் – இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, டி.சி. வரத் தாமதமாகிறது என்று சொல்லி அரசுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது. பிள்ளையை முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும், டி.சி.யைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கட்டண பாக்கியைக் காட்டி டி.சி.யைப் பிடித்து வைக்கக் கூடாது, பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது.

‘ஜூலை ஆயிடுச்சு, இனிமே சேத்துக்க மாட்டாங்க’ என்று நினைத்து ஒரு வருஷத்தை வீணாக்குகிறவர்களும் உண்டு. 15-ஆவது பிரிவு, தாமதமாக வந்தாலும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது. ஆடியில் வந்தாலும் தையில் வந்தாலும் சேர்க்கலாம். நான் செய்த இரண்டாவது தப்புக்கு 4-ஆவது பிரிவில் பதில் இருக்கிறது: பள்ளிக்கே போகாத குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். ஏழு வயதுப் பெண்ணுக்கு ‘அ, ஆ’ தெரியாவிட்டாலும் அவள் உட்கார வேண்டிய இடம் அவள் வயதுப் பிள்ளைகளின் பக்கத்தில்தான். எழுத்து சில மாதங்களில் வந்துவிடும். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்த கூச்சம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

வயதுக் கணக்கு இது: தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு, சேரும் ஆண்டின் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். நுழைவுத் தேர்வோ, பெற்றோருக்கு நேர்காணலோ கிடையாது. இரண்டையும் 13-ஆவது பிரிவு தடை செய்கிறது. ‘கலர் என்னன்னு சொல்லு பாப்பா’ என்று விளையாட்டாகக் கேட்பது வேறு விஷயம். அந்தப் பதிலை வைத்து இடம் தருவது குற்றம்.

இன்னும் சில ஆண்டுகளில் மாறப்போவதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தப்படி, 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியைக் காட்ட பிறப்புச் சான்றிதழே ஒரே ஆவணம். அந்தக் குழந்தைகள் பள்ளி வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படிக் குழந்தை இருந்தால் சான்றிதழை எடுத்து அதில் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுவதால் பல சான்றிதழ்களில் பெயர் இடம் காலியாக இருக்கும். ஓராண்டுக்குள் சேர்த்தால் கட்டணமில்லை. அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். குழந்தை பிறந்த இடத்துக்குரிய பிறப்பு, இறப்புப் பதிவாளரிடம் போக வேண்டும்.

பதிவேட்டில் பெயர்

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்படும் பெயரும் பிறந்த தேதியும்தான் ‘எமிஸ்’ எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் ஏறுகின்றன. அங்கிருந்துதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை போகின்றன. பிறகு பாஸ்போர்ட், பேங்க், வேலை எல்லாம் அதன் பின்னால். வீட்டில் ‘குட்டி’ என்று கூப்பிடுகிற பிள்ளைக்குப் பதிவேட்டில் என்ன பெயர் என்று பாட்டிக்குத் தெரியாது. பாட்டி கூட்டி வந்தால் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுவதே நல்லது. தமிழில் எழுதிய பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும் என்பதைப் பெற்றோரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோராக இருந்தால் ஆசிரியர் தானாகவே படித்துக் காட்ட வேண்டும்.

தலைப்பெழுத்து அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அம்மாவுடையதும் இருக்கலாம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணிடம், நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ‘அப்பா எங்கம்மா, அவர் வரலையா?’ என்று கேட்பது பல பள்ளிகளில் பழக்கமாகவே இருக்கிறது. விண்ணப்பத்துக்கு வேண்டியது பெயர்தான். ‘இனிஷியல் யாருதும்மா போடணும்?’ என்று கேட்டால் வேலை முடிந்தது.

சேர்க்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டிய இன்னொன்று பயிற்று மொழி. அரசுப் பணி நேரடி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இருக்கிறது. 2020-இல் வந்த திருத்தத்தின்படி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். ஆங்கிலவழிப் பிரிவு இருக்கும் தொடக்கப் பள்ளியில் எதில் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம். ஆனால் இந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு எந்தப் பிரிவு என்று கேட்பதுதான் நியாயம். பலருக்கு இது பையன் தேர்வு எழுதும்போதுதான் தெரியவருகிறது. ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கப்படும் விஷயம். அதை இப்போது யோசிக்க வேண்டியதில்லை.

முதல் பத்து நிமிடம்

பள்ளி திறக்கும் நாளில் மாலை, மேளம், இனிப்பு என்று வரவேற்பு நடத்துகிறோம். சில ஊர்களில் பள்ளிக்குச் சீர்வரிசை எடுத்துப் போகும் பழக்கம்கூட வந்திருக்கிறது. தாம்பூலத் தட்டுகளில் நோட்டு, நாற்காலி, மின்விசிறி என்று ஊரே ஊர்வலமாகப் போவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாலை போட்ட பிள்ளையின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி முடிந்த பிறகு, ஜூன் மூன்றாம் வாரத்தில் தனியாக ஒரு குடும்பம் வரும். அன்றைக்கு மேளம் இருக்காது. மேசைக்குப் பின்னால் ஒரு ஆசிரியர் மட்டும் இருப்பார். அன்றைக்கு எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் தெருவில் பேச்சாகும்.

என் அனுபவத்தில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிய பொருள் ஒரு நாற்காலி. தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் பெற்றோர் நின்றுகொண்டே பேசும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்கள், சொல்ல வேண்டும். “வாங்கம்மா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?” இதற்குப் பிறகுதான் பிள்ளையின் பெயரைக் கேட்க வேண்டும். சான்றிதழைக் கடைசியில் கேட்டால் போதும். அம்மா உட்கார்ந்து பேசுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு இந்த இடம் பயப்பட வேண்டிய இடமில்லை என்று புரிந்துவிடுகிறது.

பெற்றோரில் பலருக்குப் பள்ளி என்றாலே பிரம்பு ஞாபகம். தன்னையே அடித்து விரட்டிய இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள். ‘நல்லா அடிச்சுப் படிக்க வைங்க சார், கண்ணை மட்டும் விட்ருங்க’ என்று சொல்கிற அப்பாக்கள் இன்றும் உண்டு. அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் 17-ஆவது பிரிவு தடை செய்திருக்கிறது என்பதை அந்த முதல் நாளே சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ‘அடிக்க மாட்டோங்க, அடிக்காமலே படிப்பாங்க’ என்றால் அப்பா முகத்தில் ஒரு நம்பிக்கையின்மை தெரியும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை முகத்தில் நிம்மதி தெரியும்.

பிறகு பள்ளியைச் சுற்றிக் காட்டுங்கள். வகுப்பறையை விடக் கழிப்பறையை முதலில் காட்டலாம். ஐந்து வயதுப் பிள்ளை பள்ளிக்கு வர அழுவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். எங்கே போவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒருநாள் பாவாடை நனைந்துபோனால் மறுநாள் வயிற்றுவலி என்று சொல்வார்கள். கழிப்பறை எங்கே, தாழ்ப்பாள் கைக்கு எட்டுமா, தண்ணீர் வருமா என்பதை அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைக்கு நடக்கவோ பார்க்கவோ கேட்கவோ சிரமம் இருந்தால் அதையும் அன்றே சொல்லச் சொல்லுங்கள். மறைத்தால்தான் சேர்ப்பார்கள் என்று நினைத்துச் சிலர் மறைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அப்படிப்பட்ட பிள்ளைக்கும் அதே வகுப்பில் இடம் உண்டு. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரின் உதவியும் கேட்கலாம்.

காலை உணவைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். புதுப் பிள்ளை சேர்ந்த முதல் வாரத்தில் அம்மாவோ பாட்டியோ ஒருநாள் காலையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்கட்டும். ‘என்ன போடறாங்களோ’ என்ற சந்தேகம் அதோடு போய்விடும். பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதையும் சமைக்கிற அக்காவிடமே நேரில் சொல்லிவிடலாம்.

வெளியூரிலிருந்து, வெளி மாநிலத்திலிருந்து

திருப்பூர், கோவைப் பக்கம் பின்னலாடை, நூற்பாலை வேலைக்கு வட மாநிலக் குடும்பங்கள் வந்து தங்கிவிட்டன. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், சீசன் முடிந்ததும் திரும்பிப் போகிறார்கள். கரும்பு வெட்டப் போகிற நம் ஊர்க் குடும்பங்களும் இப்படித்தான். இவர்கள் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் மேலே சொன்ன சட்டம் அப்படியே பொருந்தும். சொந்த ஊர் எது, ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்பது கேள்வியே இல்லை. இப்போது எங்கே தங்கியிருக்கிறார்களோ அதன் பக்கத்துப் பள்ளிதான் அவர்கள் பள்ளி. தமிழ்நாட்டு விதிகளின்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். தண்ணீர், பசி, வலிக்கிறது, பாத்ரூம், வீடு, அம்மா எப்போது வருவார் – இந்த ஏழெட்டு வார்த்தைகளை அவர்கள் மொழியில் ஆசிரியர் கற்றுக்கொண்டால் முதல் மாதத்தை ஓட்டிவிடலாம். அதே மொழி பேசும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, பக்கத்தில் உட்கார வையுங்கள். கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது. அம்மாவிடம் முக்கியமான விஷயம் பேசும்போது அதைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளையிடம் பேச அதை நம்பி இருக்காதீர்கள். பிள்ளைகள் மூன்று மாதத்தில் நம்மை விட வேகமாகத் தமிழ் பேசிவிடுகிறார்கள்.

சீசன் முடிந்து போகும்போது பிள்ளை படித்த விவரத்தையும் எமிஸ் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புவது பள்ளியின் வேலை. அந்தத் தாளைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சூளையிலிருந்து சாமான் கட்டும்போது காகிதம்தான் முதலில் தொலையும்.

வாட்ஸ்அப் குழு என்று ஒன்று

இன்று ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நல்லதுதான். ஆனால் குழுவில் நீளமாகத் தட்டச்சு செய்த அறிவிப்பைப் படிக்க முடியாத பெற்றோர் அதே குழுவில் இருக்கிறார்கள் என்பது மறந்துபோகிறது. முக்கியமான செய்தியை அரை நிமிடக் குரல் பதிவாகவும் போடுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்பதைப் பெற்றோருக்குள்ளேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்றால், அம்மா செய்தியைப் பார்ப்பது ராத்திரி ஒன்பதுக்குத்தான். ‘நாளை காலை பெற்றோர் கூட்டம்’ என்று மாலை ஆறு மணிக்குப் போட்டுவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை.

எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணையும், யார் சரியாகப் படிக்கவில்லை என்பதையும், யாருடைய ஆதார் நகலையும் குழுவில் போடக் கூடாது. சேர்க்கைக்காகத் தரும் ஆவணங்களைத் தலைமையாசிரியரிடம் நேரிலேயே கொடுங்கள். ‘உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க’, ‘இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க’ என்று பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்லிக்கொண்டு போன் வரும். பள்ளியிலிருந்து யாரும் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930-ஐ அழையுங்கள்.

பெற்றோர் தங்கள் பள்ளியின் விவரங்களையும் மேலாண்மைக் குழுத் தகவல்களையும் பார்க்கக் கல்வித் துறை தனியாகப் பெற்றோர் செயலி ஒன்றை வைத்திருக்கிறது. ஆசிரியரிடம் கேட்டால் சரியான செயலியைக் காட்டுவார். யாரோ அனுப்பிய இணைப்பை அழுத்தி இறக்காதீர்கள்.

குழுவிலும் கிராம சபையிலும்

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 21-ஆவது பிரிவு. காகிதத்தில் இது சரியாகவே இருக்கும். கூட்டத்தில் பார்த்தால், பேசுகிறவர்கள் இரண்டு பேர். கூட்டம் பெரும்பாலும் வேலை நாள் மாலையில் நடக்கிறது, கூலி வேலைக்குப் போகிற அம்மா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டும். புதிதாகச் சேர்ந்த குடும்பம் அங்கே வாய் திறக்க வேண்டுமென்றால், பழைய பெற்றோர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்கள் ஒரு வருஷம் இதைச் செய்து பார்த்தோம்: ஒவ்வொரு புதுக் குடும்பத்துக்கும் அதே தெருவில் இருக்கும் பழைய குடும்பம் ஒன்று. பிள்ளையைக் காலையில் கூட்டி வருவது, செய்தி சொல்வது, கூட்டத்துக்கு அழைத்து வருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. எந்தச் செலவும் இல்லை. ஜூன் மாதத்தில் அழுதுகொண்டு பாதியில் நின்றுபோகிற பிள்ளைகள் அந்த வருஷம் கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தார்கள்.

ஊர் முழுவதும் பேச வேண்டியதற்குக் கிராம சபை இருக்கிறது. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. அதில் மே 1 கூட்டம் பள்ளி திறப்பதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால் வருகிறது. ஊரில் ஐந்து வயது நிறைந்த பிள்ளைகள் எத்தனை பேர், அங்கன்வாடியை முடித்தவர்கள் யார், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் யார், பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதை அன்றைக்கே கேட்டுவிட்டால் ஜூன் வேலை பாதி முடிந்துவிடும். அங்கன்வாடிப் பணியாளரிடம் பெயர்ப் பட்டியல் இருக்கும். அதை வைத்துக்கொண்டு இரண்டு அம்மாக்கள் ஒரு சாயங்காலம் தெருவில் நடந்தாலே போதும்.

இல்லை என்று சொல்லிவிட்டால்

எல்லாம் சொன்ன பிறகும், ‘இந்தச் சர்டிபிகேட் இல்லாம முடியாது’ என்று ஒரு பள்ளி உங்களைத் திருப்பி அனுப்பலாம். சண்டை போட வேண்டாம். ‘என்ன காரணத்துக்காகச் சேர்க்கலைன்னு எழுதிக் குடுங்க சார்’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே விஷயம் முடிந்துவிடும், ஏனென்றால் அப்படி எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அதற்கும் மசியவில்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐ அழையுங்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், முதல்வரின் முகவரித் துறையின் 1100 ஆகியவையும் இருக்கின்றன. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை வேலைக்குப் போவதைப் பார்த்தால் 1098. பேசுகிற தேதி, நேரம், யார் பேசினார்கள் என்பதைக் கைப்பேசியிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சமீப ஆண்டுகளில் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் 1-ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது. அப்போதே பெயர் கொடுத்துவிட்டால் சான்றிதழ் எடுக்க மூன்று மாதம் கையில் இருக்கும். ஜூனில் விட்டுப்போனவர்கள் விஜயதசமி அன்று நல்ல நாள் பார்த்துச் சேர்ப்பதும் உண்டு, அன்று விடுமுறையாக இருந்தாலும் பல பள்ளிகளைச் சேர்க்கைக்காகத் திறந்து வைக்கிறார்கள். உங்கள் பள்ளி திறந்திருக்குமா, எத்தனை மணிக்கு ஆள் இருப்பார்கள் என்பதை முதல் நாளே தலைமையாசிரியருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.